வாளியின் அடிப்பக்கம்

களக்காட்டில் தார் ஏற்றி முடிக்க
மணி இரண்டே முக்கால் ஆகிவிடும்.
ஏர்வாடி தாண்டினால் இருட்டு.
நானும் வண்டியும்
பின்னால் பச்சை வாழையின் பால் மணமும்.

அந்த நேரத்தில் மனிதர்கள்
முழுசாகத் தெரிய மாட்டார்கள்.
ஒரு வேட்டியின் கரை.
ஒரு பீடி முனை.
தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்
தன்பாட்டுக்குப் போகும் இரண்டு வெள்ளைச் செருப்பு,
மேலே ஆள் இல்லாமல்.

கார்த்திகையில்தான் பயம்.
மாலை போட்டவர்கள் கறுப்பு உடுத்தி நடப்பார்கள்,
இருட்டுக்கு மேல் இன்னொரு இருட்டு.
ஒருமுறை பிரேக்கில் ஏறியே நின்றுவிட்டேன்,
தார்கள் சரிந்து கேபின் முதுகில் இடித்தன.
அவர்கள் சரணம் சொல்லிக்கொண்டே போனார்கள்.
கடைசியில் நொண்டி வந்த பையன் மட்டும்
திரும்பி என் முகத்தைப் பார்த்தான்.
பிறகு செல்போன் டார்ச்சை எரித்துப்
பின்பக்கமாக இடுப்பில் செருகிக்கொண்டான்.

தூரத்தில் பணகுடிப் பக்கம்
காற்றாலைகள் தலைக்கொரு சிவப்பு விளக்கோடு.
விமானத்துக்குத் தெரிய வேண்டுமாம்.
ஓட்டுகிற இத்தனை வருஷத்தில்
அவ்வளவு தாழ்வாக
ஒரு விமானமும் நான் பார்த்ததில்லை.

சாலையில் இருந்தவை
இரண்டு மஞ்சள் சில்லுகள்.
ஒன்று ஏற, ஒன்று இறங்க,
ஒன்று ஏற, ஒன்று இறங்க.
சைக்கிள் பெடல்.
அதற்கு மேலே
ஒரு வெள்ளை வட்டம் பளிச்சிடும்.
ஆடிக்காற்றில் மூன்றும் சேர்ந்து தள்ளாடும்.
ஹாரன் அடிக்காமல்
அகல ஒதுங்கிப் போவேன்.
மூன்று வருஷம், முகம் தெரியாது.

தையில் ஒருநாள் சில்லு ஒன்றுதான்.
ஏறியது, இறங்கியது.
கண் சொருகி வந்த எனக்கு
மின்மினி என்றே பட்டது.
வட்டம் இல்லாவிட்டால்
அப்படியே போயிருப்பேன்.
எங்கே என்று எழுத வரவில்லை.

பிறகு ஒரு பகலில்,
வள்ளியூர் பஸ் ஸ்டாண்டு எதிரே டீக்கடையில்,
பக்கத்தில் நின்றவர் கேட்டார்.
“வாழத்தார் வண்டி ஒம்மதான வே?
எடது லைட்டு ரோட்டப் பாக்காம
புளிய உச்சாணியப் பாக்குமே?”
எப்படித் தெரியும் என்றேன்.
“மத்த வண்டி பொறத்தால வந்தா
எனக்கு ரெண்டு நெழலு விழும்.
நீரு வந்தா ஒண்ணுதான்.”

ஞானசிகாமணி.
ஏழு வீட்டில் பால் கறக்கிறவர்.
விரல் இடுக்கில் விளக்கெண்ணெய் மினுங்கியது.
காலடியில் எவர்சில்வர் வாளி.
அதைப் பார்த்தேன், உடனே தெரிந்தது.
கேரியரில் படுக்கப் போட்டுக் கட்டுவாராம்,
அடிப்பக்கம் பின்னால் பார்க்க.

“எஸ்தர்கனி தேச்சுத் தாரா,
தேங்காச் சவுரியும் சாம்பலும் போட்டு.
உள்பக்கம் பாலுக்கு.
அடிப்பக்கம் ஒமக்கு.”

ஒமக்கு என்றார், சாதாரணமாக,
சர்க்கரை கம்மி என்று சொல்வது போல.

டீ ஆறிப்போனது.
நான் யாரென்றே தெரியாத ஒருத்தி
சாயங்காலம் தோறும்
என் தூக்கத்தை நினைத்து
ஒரு வாளியின் புறத்தைத் தேய்த்திருக்கிறாள்.
நான் முந்நூறு ரூபாய் மிச்சம் பிடித்து
ஒரு கண்ணை மரத்துக்குக் கொடுத்திருந்தேன்.

அன்றே மெக்கானிக்கிடம் விட்டேன்.
லைட் இறங்கி ரோட்டுக்கு வந்தது.

மறுநாள் இரவு
சில்லு இரண்டும் இருந்தன, ஒன்று புதுசு.
நான் நெருங்க நெருங்க
சைக்கிள் மண்ணில் இறங்கி நின்றுவிட்டது.
இரண்டு நிழல் விழுந்திருக்கும்.
வேறு யாரோ என்று நினைத்துவிட்டார்.

வண்டியை மெதுவாக்கி
இரண்டு முறை டிம் அடித்தேன்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
அப்புறம் அந்த வட்டம்
கேரியரை விட்டுக் கழன்று
தலைக்கு மேலே ஏறி
ஒருதரம் அசைந்தது.